ஒன்பதாவது குறை

அந்தச் சனிக்கிழமை காலையில் என் கணவர் வீட்டில் கடைசியாகச் செய்த காரியம், தன் நோட்டில் ஒரு வரி எழுதியது. 'ஒன்பது: பின்வாசல் தாழ்ப்பாள் ஏறவில்லை.' எழுதி முடித்துப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.

"நாளைக்குப் போயி இதச் சொல்லப் போறீகளாக்கும்?" என்று கேட்டேன்.

"பின்ன? தாழ்ப்பா ஏறாத வீட்ட எவன் வாங்குவான்?"

"எட்டு கொறை சொல்லி, இருவத்திநாலு லட்சத்துல இருந்த வீடு முப்பத்திநாலுல வந்து நிக்குது. நாளைக்காச்சும் ஒங்க வாய வீட்டுல வச்சுப் பூட்டிட்டு வாங்க."

"வாய வீட்டுல வச்சுட்டு வந்தா சங்கிலியம்மா சுடுற பணியாரத்த எதுல திங்கிறது?"

நான் சிரிக்கவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பைபாஸ் எடைமேடைக்கு வேலைக்குப் போனார். பதினொன்றரை மணிக்கு ஒரு வாழைத்தார் லாரியை எடை போட்டார். சீட்டைக் கிழித்து டிரைவரிடம் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த டிரைவர்தான் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். அங்கே செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

அது ஐப்பசி மாதம். வீட்டுக் கதை தொடங்கியது வைகாசியில்.

கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் கம்பம் ஊருக்குள்ளேயே ஆறு வாடகை வீடு மாறியிருந்தோம். ஆறு வீட்டுக்காரர்களுக்கும் சாதி வேறு, குணம் வேறு, அட்வான்ஸ் வேறு. சட்டம் மட்டும் ஒன்றுதான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. எங்கள் காலண்டர் எப்போதும் ஜன்னல் கம்பியில்தான் தொங்கும். கல்யாணப் படம் பீரோ மேல் சுவரில் சாய்ந்திருக்கும். ஃபேனை ஐந்தில் வைத்தால் முகம் குப்புற விழும். மகள் அபிதா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "அம்மாவும் அப்பாவும் மயங்கி விழுந்துட்டாக" என்று கத்துவாள். இப்போது கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள்.

எனக்கு வேண்டியிருந்தது மாடியும் இல்லை, கார் நிறுத்த இடமும் இல்லை. ஆணி அடிக்க ஒரு சொந்தச் சுவர்.

இதை அவரிடம் ஒருநாள் சொன்னேன். மறுநாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அட்டையில் 'வீடு' என்று எழுதினார். எடைமேடைக்கு வருகிற டிரைவர்கள் ஒவ்வொருவரிடமும், "அண்ணே, நீங்க வீடு வாங்கிட்டீகளா? எதுல ஏமாந்தீக?" என்று கேட்பார். எல்லாரும் எதிலாவது ஏமாந்திருந்தார்கள். நோட்டு நிறைந்தது. 'மழை பெய்யும்போது போய்ப் பார்.' 'முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்.' 'தண்ணியைக் குடித்துப் பார்.' 'பக்கத்து வீட்டுக்காரனிடம் கேள். அவன் சொல்வதில் பாதியைக் கழி.' குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறவர் ஒருவர் சொன்னதை மட்டும் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தார்: 'பிடித்திருந்தாலும் முகத்தில் காட்டாதே. குறை சொல்லு. சொல்லச் சொல்ல விலை இறங்கும்.'

வீட்டைக் கண்டுபிடித்தது என் அண்ணன் தங்கப்பாண்டியன். கொத்தனார். புதுப்பட்டியில் ஒரு கோயில் சுவர் பூசப் போனபோது எதிர்த் தெருவில் போர்டு பார்த்திருக்கிறார். 'வீடு விற்பனைக்கு. புரோக்கர்கள் வர வேண்டாம்.' கீழே போன் நம்பர். அதில் கடைசி எண் மட்டும் வெயிலில் உரிந்து போயிருந்தது.

"பத்துல ஒண்ணுதான் மாப்ள. சைபர்ல இருந்து போட்டுப் பாரு" என்றார் அண்ணன்.

இவர் போட்டுப் பார்த்தார். நான்காவது முயற்சியில் ஒரு ஆள் கெட்ட வார்த்தையில் திட்டினார். அதற்குப் பிறகு நேரிலேயே போனோம்.

வீட்டுக்காரர் பெயர் கோட்டைச்சாமி. எழுபது வயது இருக்கும். திராட்சைப் பந்தலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சும்மா இருந்தார். மனைவி இல்லை. சமைத்துப் போட சங்கிலியம்மாள் என்று ஒரு அம்மாள் காலையில் வந்து இருட்டுவதற்குள் போய்விடுவார். மகன்கள் இரண்டு பேர்: மூத்தவர் விஜயபாண்டி திருப்பூரில், இளையவர் சண்முகராஜ் தேனியில். வீட்டை விற்றுப் பங்கு பிரித்துக்கொள்ள இருவரும் இரண்டு வருடமாகக் காத்திருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். இவர் அதில் பாதியைக் கழித்து, ஒரு மகன் ஒரு வருடமாகக் காத்திருப்பதாக எடுத்துக்கொண்டார்.

மூன்று சென்ட். ஹால், இரண்டு ரூம், சமையலறை, மொட்டைமாடி, பின்னால் ஒரு முருங்கை. ஹாலில் நின்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மேற்குச் சுவரில் வெயில் விழாத இடமாகப் பார்த்து, கல்யாணப் படத்தை மனதுக்குள் மாட்டிவிட்டேன்.

"என்ன வெல சொல்றீக?" என்றார் இவர்.

"இருவத்திநாலு."

எங்களால் முடிந்தது இருபத்திரண்டு. கையில் ஆறு, என் நகையில் மூன்று, மீதி பேங்க் லோன். இவர் நோட்டைத் திறந்து, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, சமையலறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தார்.

"மேல ஒழுகுது. இங்கன பாருங்க, கறை. ரெண்டு லட்சம் கொறைச்சுக்கிருங்க."

கோட்டைச்சாமி அண்ணாந்து கறையைப் பார்த்தார். பதினைந்து நாள் கழித்துப் போனோம். மொட்டைமாடி முழுக்கப் புதுத் தட்டோடு பதித்திருந்தது.

"ஒழுகுதுன்னு சொன்னீகள்ல? சரி பண்ணிட்டேன். இருவத்தஞ்சு."

இவர் நோட்டில் இருந்த இரண்டு கோட்டையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். விடவில்லை. "தண்ணி பத்தாதே. குழாயில நாலு நாளைக்கு ஒருக்காத்தான் வருதாம்."

"போரு போட்டுருவோம். இருவத்தாறு."

பஸ்ஸில் வரும்போது சொன்னேன்: "ஜீப்காரரு சொன்ன யோசன அவருக்குத் தெரியலையோ என்னமோ."

"மூணாவது கொறையில மடங்கிருவாரு பாரு" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு பேங்க்குக்குப் போனார். சாயங்காலம் மல்லிகைப்பூவோடு வந்தார். வியாழக்கிழமை பூ வாங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"லோன் என்னாச்சு?"

"பேப்பர் மேல போயிருக்கு. வரும்" என்றார்.

மூன்றாவது தடவை போனபோது தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, இவரும் கோட்டைச்சாமியும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். தொட்டி பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் ஆனது. மேலே மிளகாய் காயப்போட்டிருந்த சங்கிலியம்மாள்தான் முதலில் இறங்கி வந்தார், முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி. மிளகாய் நெடி என்றார். பின்னாலேயே இரண்டு பேரும் இறங்கினார்கள். ஹாலில் மகன்கள் இருவரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் இவருக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, சத்தமாகவே ஆரம்பித்தார்.

"சுவிட்ச் போர்டெல்லாம் பழசு! தொட்டா ஷாக் அடிக்கும்! இதுக்கு இருவத்தாறா?"

"மாத்திருவோம்! இருவத்தேழு!" கோட்டைச்சாமியும் சத்தமாகவே சொன்னார்.

விஜயபாண்டி சண்முகராஜின் தொடையில் கையை வைத்து அழுத்தினார். "அப்பா, இந்தப் பார்ட்டிய விட்றாதீக" என்று சண்முகராஜ் குசுகுசுத்தது எனக்கே கேட்டது.

அன்றைக்கு முடிவு செய்தேன், வீட்டுக்கும் எனக்கும் நடுவில் நிற்பது இவருடைய வாய்தான் என்று.

"அடுத்த தடவ நீங்க ஒரு வார்த்த பேசக் கூடாது. எது பேசுறதா இருந்தாலும் நான் பேசிக்கிறேன். சத்தியம் பண்ணுங்க."

செய்தார். நான்காவது தடவை வாயைத் திறக்கவே இல்லை. ஹாலின் கிழக்குச் சுவரில் காதை வைத்து, விரலை மடக்கி, டொக் டொக் என்று தட்டினார். பிறகு கோட்டைச்சாமியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பூச்சு விட்டிருக்குங்கிறாரா?" கோட்டைச்சாமி என்னிடம் கேட்டார்.

"இல்லய்யா, அவரு சும்மா தட்டுறாரு. கொசு இருந்துச்சு."

இவர் இன்னும் இரண்டு தட்டு தட்டினார்.

"கொத்திப் பூசிருவோம். இருவத்தெட்டு."

பேசாமலே ஒரு லட்சம் ஏற்றிய மனிதரை என்ன செய்வது? என் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போவது என்று நினைத்தேன். அண்ணன் கொத்தனார், அவர் 'வீட்டில் ஒரு குறையும் இல்லை' என்று சொல்லிவிட்டால் இவரால் வேறு குறை சொல்ல முடியாது. போகும்போதே அண்ணனிடம் சொல்லிவைத்தேன். அண்ணனும் அஸ்திவாரத்திலிருந்து கைப்பிடிச் சுவர் வரை பார்த்துவிட்டு, நான் சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாகவே சொன்னார்.

"மாப்ள, நான் முப்பது வருசமா கட்டுறேன். இந்த மாதிரி ஒரு கட்டடம் பாத்ததில்ல. நூறு வருசம் நிக்கும்."

"ஜன்னல் கம்பி துருப்புடிச்சிருக்கு" என்றார் இவர்.

"கம்பிய மாத்த ஒண்ணு" என்றார் கோட்டைச்சாமி. "கொத்தனாரே நூறு வருசம்னு சொல்லிட்டாரு. அதுக்கு ஒண்ணு. முப்பது."

அண்ணன் பஸ் ஸ்டாப் வரைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. ஒரு புதன்கிழமை, நான் வேலை பார்க்கிற அங்கன்வாடியில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, இவருக்குத் தெரியாமல் நானே தனியாகப் போனேன். ஹாலில் கோட்டைச்சாமி மட்டும் இருந்தார். அவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். வீடு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒரு குறையும் இல்லை. இவர் சொல்வதையெல்லாம் மனதில் வைக்க வேண்டாம். முதலில் சொன்ன இருபத்திநாலுக்கே கொடுத்தால் தாலிக்கொடியையும் சேர்த்து விற்றுத் தந்துவிடுகிறேன்.

பிடித்திருக்கிறது என்று முகத்தில் காட்டினால் விலை ஏறும் என்று நோட்டில் இருந்தது. நான் அழுதே காட்டினேன். கோட்டைச்சாமி விலையே சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"தாயி, நீ தாலியெல்லாம் பேசாத. வீட்டுக்காரரக் கூட்டிட்டு வா. எதுனாலும் அவரு வந்து பேசட்டும்."

அவரோடு பேசி என்ன ஆகும்? ஆறாவது தடவை செப்டிக் டேங்க் சின்னது என்றார், முப்பத்தொன்றரை. ஏழாவது தடவை மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை என்றார், முப்பத்து மூன்று. எட்டாவது, கேட் கிறீச்சிடுகிறது. தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போகிற கிறீச்சு. புது கேட் போட்டு முப்பத்திநாலு. மகன்கள் எங்களுக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் விலை பேசி முடிந்ததும் சங்கிலியம்மாள் வெல்லப் பணியாரம் கொண்டுவந்து வைப்பார். இவர் ஆறு தின்பார். நான் ஒன்றைப் பிட்டு வைத்துக்கொண்டு மேற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"பாரு முத்து, நல்லாப் பாரு" என்பார் இவர் என்னிடம். "பாக்குறதுக்குக் காசா கேக்குறாக?"

அவர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அபிதா அவருடைய படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். வாடகை வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன், இந்த ஒரே ஒரு ஆணி அடித்துக்கொள்ளலாமா என்று. அவர் நல்ல மனிதர். காரியத்துக்கு இரண்டு மூட்டை அரிசி கொடுத்தவர்.

"அதுக்கென்னம்மா, வேற என்ன ஒதவி வேணும்னாலும் கேளுங்க" என்றார். "ஆணி மட்டும் வேண்டாம்."

படத்தைப் பீரோ மேல், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு, புதுப்பட்டிக்குத் தனியாகப் போனேன். இனி நாங்கள் வாங்கப் போவதில்லை என்று முறையாகச் சொல்லிவிட்டு வரவேண்டும் அல்லவா? சொல்லாமல் விட்டால் அவர்கள் வேறு ஆளுக்குக் கொடுக்காமல் காத்திருப்பார்கள். நோட்டையும் கையோடு எடுத்துப் போனேன். ஏன் என்று தெரியவில்லை.

ஹாலில் கோட்டைச்சாமியும் மகன்களும் இருந்தார்கள். துக்கத்துக்கு மூவருமே வந்திருந்தார்கள். அதனால் பேச அதிகம் இல்லை. "உக்காருங்க அக்கா" என்று விஜயபாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காருவதற்குள் சங்கிலியம்மாள் கையைப் பிடித்து என்னைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"மொதல்ல காப்பியக் குடி ஆத்தா. பெறகு பேசிக்கிரலாம்."

காப்பியைக் கையில் வாங்கினேன். அண்ணாந்து பார்த்தேன். கறை இருந்த இடத்தில் வெள்ளை அடித்திருந்தது.

"இந்தக் கறைய அவரு பாக்காம இருந்திருந்தா இந்நேரம் நாங்க இந்த வீட்டுல குடியிருந்திருப்போம்க்கா" என்றேன். "செத்த அன்னைக்குக் காலையில கூடத் திட்டித்தான் அனுப்புனேன். வாய வச்சுப் பூட்டிட்டு வாங்கன்னு. அந்த மனுசன் வாயாலதான் எல்லாம் போச்சு."

சங்கிலியம்மாள் அடுப்பை அணைத்தார். ஹால் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை ஒருக்களித்தார்.

"வாயாலயா? ஏத்தா, ஒனக்குத் தெரியவே தெரியாதா?" என்றார். "சம்பளச் சீட்டு இல்லாதவுகளுக்கு லோன் கெடையாதுன்னு பேங்க்குல வைகாசியிலயே சொல்லிட்டாக. 'அவ மொகத்தப் பாத்து எப்படிச் சொல்லுவேன்'னு ஒன் வீட்டுக்காரரு மொட்டமாடியில ஒக்காந்து அழுதாக. எங்க ஐயாவுக்கும் விக்கிற நெனப்பு என்னைக்குமே கெடையாது, பயலுக பங்கு கேட்டு அடிச்சுக்கிராம இருக்கத்தான் அந்தப் போர்டு. அன்னைக்கு ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டதுதான், அவுக கொறை சொல்றதும் இவுக வெல ஏத்துறதும்."

காப்பி ஆறுகிற வரைக்கும் நின்றேன். பிறகு ஹாலுக்கு வந்தேன். மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நோட்டைத் திறந்தேன்.

"ஐயா, பின்வாசல் தாழ்ப்பா ஏறல" என்றேன். "ஒரு லட்சம் கொறைச்சுக்கிருங்க."

கோட்டைச்சாமி என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் சமையலறை வாசலில் நின்ற சங்கிலியம்மாளைப் பார்த்தார். துண்டை எடுத்து மடித்தார், விரித்தார்.

"சரி பண்ணிருவோம் தாயி" என்றார். "முப்பத்தஞ்சு."

சண்முகராஜ் விஜயபாண்டியின் தொடையை அழுத்தினார்.

இது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறு இப்போதும் போகிறேன். போர்டு தொங்குகிறது. பணியாரம் வருகிறது. நான் மேற்குச் சுவருக்கு எதிரில் உட்கார்ந்துகொள்கிறேன். முதல் எட்டுக் குறைகளில் ஒவ்வொன்றையும் பதினைந்தே நாளில் சரி செய்தவர் கோட்டைச்சாமி. போன வாரமும் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் ஏறவில்லை.